முழங்காலின் பின்புறத் தழும்பு: அறுத்துவிட்டால் மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு 34 வயது. ஆறு வருடத்துக்கு முன் கொதிக்கும் எண்ணெய் கொட்டி வலது காலின் பின்பக்கம் வெந்துவிட்டது. புண் தானாக ஆற மூன்று மாதம் ஆனது. வலி தெரியாமல் இருக்க, அந்த மூன்று மாதமும் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தே படுத்திருந்தேன். இப்போது கால் முழுதாக நீளவில்லை. மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கும் தரைக்கும் நடுவே 12 செ.மீ. இடைவெளி நிற்கிறது. மடிப்பில் கயிறு போல ஒரு தழும்பு இருக்கிறது. அதற்கு வெளிப்பக்கம் முழுக்கத் தழும்புதான், உள்பக்கம் தோல் நன்றாக இருக்கிறது. மடிப்பில் ஒரு சிறு புண் எட்டு மாதமாக ஆறுவதும் திறப்பதுமாக இருக்கிறது. ஒரு டாக்டர் ‘இஸட் பிளாஸ்டி போதும்’ என்கிறார். இன்னொருவர், தழும்பை முழுதாக அறுத்துவிட்டுத் தொடைத் தோலை ஒட்ட வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? நரம்பு போய்விடுமா? நின்றே வேலை பார்ப்பவள் நான், எத்தனை நாளில் திரும்பலாம்? மறுபடியும் சுருங்கிவிடுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். எட்டு மாதமாக ஆறாத அந்தப் புண்ணுக்கு அறுவை சிகிச்சைத் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம், முதலில் அதைப் பாருங்கள். மடிப்பில் உள்ள தழும்பு ஒவ்வொரு அடிக்கும் இழுபட்டு வெடிப்பதால் வரும் சாதாரணப் புண்ணாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும். ஆனால் தீக்காயத் தழும்பில் நாள்பட்டு ஆறாத புண்ணில் தோல் புற்று வரக்கூடும். 1828-இல் மார்ஜோலின் என்ற பிரெஞ்சு மருத்துவர் இத்தகைய தழும்புப் புண்களை விவரித்தார், அதனால் அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. வழக்கமாக இது காயம் பட்டு இருபது, முப்பது வருடம் கழித்து வருவது. ஆறு வருடத்தில் வருவது அரிது என்றாலும் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. புண்ணின் ஓரம் தடித்துச் சுருண்டிருந்தாலோ, தொட்டால் ரத்தம் கசிந்தாலோ, வாடை அடித்தாலோ சந்தேகம் கூடும். புண்ணின் நடுவிலிருந்து சுரண்டி எடுத்த சதை இதைச் சொல்லாது. ஓரத்தில், புண்ணும் தழும்பும் சேரும் இடத்தில், இரண்டு மூன்று துண்டு எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை எந்தத் தோலையும் திருப்பவோ நகர்த்தவோ கூடாது. புற்று என்று வந்தால் திட்டமே வேறு: முதலில் அதைப் போதிய விளிம்போடு எடுக்க வேண்டும், இடுப்புக் கவட்டில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதன்பிறகுதான் மூடுவது பற்றிய பேச்சு.

பயாப்ஸியில் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

இரண்டு டாக்டர்களும் இரண்டு விதமாகச் சொன்னது உங்களைக் குழப்பியிருக்கிறது. இருவருமே தவறாகச் சொல்லவில்லை. உங்கள் காலுக்கு எது பொருந்தும் என்பது அறுவை சிகிச்சையின் பெயரைப் பொறுத்ததல்ல. தழும்புக்குப் பக்கத்தில் நல்ல தோல் எந்தப் பக்கம், எவ்வளவு இருக்கிறது? தோலுக்குக் கீழே தசையும் மூட்டும் எவ்வளவு இறுகியிருக்கின்றன? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் முறை தானாக அமையும்.

‘தழும்பு கயிறு போல இருக்கிறது, அதை அறுத்துவிட்டால் கால் நீண்டுவிடும்’ என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கயிறு தெரிவது உண்மைதான். ஆனால் அது இருக்கும் இடத்தில் தோல் குறைந்துபோயிருக்கிறது. வெந்த புண் தானாக ஆறும்போது, அதற்குள் இருக்கும் சுருங்கும் தன்மையுள்ள செல்கள் ஓரங்களை நடுவை நோக்கி இழுத்து இழுத்துப் புண்ணைச் சிறிதாக்குகின்றன. நீங்கள் தலையணையில் மடக்கி வைத்திருந்த நிலைதான் அவற்றுக்கு அளவுகோல் ஆனது. மடங்கிய முழங்காலை மூடப் போதுமான தோல் மட்டுமே அங்கே உருவானது. இப்போது நீட்ட வேண்டுமானால் விட்டுப்போன அந்தத் தோலை எங்கிருந்தாவது கொண்டுவந்தாக வேண்டும். அறுத்தவுடன் ஒரு பள்ளம் திறக்கும். தழும்பு மேலும் கீழும் பின்வாங்குவதால், நாம் கணக்குப் போட்டதைவிடப் பல நேரம் அது பெரிதாகவே திறக்கும். அதை எதை வைத்து மூடுவது என்பதுதான் முழு அறுவை சிகிச்சையும்.

இஸட் பிளாஸ்டி என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு தாளில் 4 செ.மீ. நீளத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள், அதுதான் உங்கள் கயிற்றுத் தழும்பு. அதன் மேல் முனையிலிருந்து ஒரு பக்கமும், கீழ் முனையிலிருந்து மறுபக்கமும், கோட்டுடன் 60 டிகிரி சாய்வில், அதே 4 செ.மீ. நீளத்துக்கு ஒவ்வொரு கோடு இழுங்கள். இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும். அறுவையில் இந்த முக்கோணத் தோல்களைத் தூக்கி இடம் மாற்றித் தைக்கிறோம். 4 செ.மீ. இருந்த நீளம் கணக்குப்படி ஏறத்தாழ 6.9 செ.மீ. ஆகிறது. நீளம் ஏறத்தாழ 73 சதவீதம் கூடியது போல் தெரியும். அந்த 2.9 செ.மீ. வந்தது அகலத்திலிருந்து. முன்பு குறுக்கே 6.9 செ.மீ. இருந்த இடம் இப்போது 4 செ.மீ. ஆகிவிட்டது. அதாவது இஸட் பிளாஸ்டி புதுத் தோல் எதையும் கொண்டுவருவதில்லை, பக்கத்தில் தளர்வாக இருக்கும் தோலை நீளவாக்குக்கு மாற்றித் தருகிறது. பக்கத்தில் தளர்வு இல்லையென்றால் மாற்றித் தர அங்கே ஒன்றுமில்லை.

உங்கள் கால் இந்த இடத்தில்தான் இடிக்கிறது. கயிற்றுக்கு உள்பக்கம் நல்ல தோல், வெளிப்பக்கம் தழும்பு என்று எழுதியிருக்கிறீர்கள். இஸட்டின் ஒரு முக்கோணம் நல்ல தோலில் விழும், அது நீளும், நகரும். மற்றது தழும்பில் விழும். தழும்புத் தோல் நீளாது. போதாக்குறைக்கு, அதை அடியிலிருந்து பிரித்துத் தூக்கினால் கூர்மையான முனைவரை ரத்தம் போய்ச் சேராது. நாலைந்து நாளில் முனை கறுத்து, அந்த இடம் திறந்த புண்ணாகி, அது ஆறும்போது மறுபடி ஒரு கயிறு உருவாகும். இரண்டு பக்கமும் மிருதுவான தோல் இருந்து, நடுவில் மெல்லிய கயிறு மட்டும் இருப்பவர்களுக்கு, ஒரே பெரிய இஸட்டோ தொடர்ச்சியாக நாலைந்து சிறு இஸட்டுகளோ அருமையாகப் பொருந்தும். 12 செ.மீ. இடைவெளி என்றால் சராசரி உயரமுள்ளவருக்கு ஏறத்தாழ 30 முதல் 35 டிகிரி மடக்கம். ஒரு பக்கம் முழுக்கத் தழும்பாக இருக்கும்போது இத்தனை டிகிரியை இஸட் மட்டும் திருத்தும் என்று நான் நம்பவில்லை.

தொடைத் தோலை ஒட்டுவது எப்படிப்பட்டது? இரண்டாவது டாக்டர் சொன்ன முறை எங்கேயும் செய்யக்கூடியது, எவ்வளவு பெரிய பள்ளத்தையும் மூடக்கூடியது. ஆனால் மேல்தோலோடு கொஞ்சம் அடித்தோலும் சேர்த்து மெல்லியதாகச் சீவி எடுக்கும் ஒட்டுத்தோல், ஒட்டிப் பிடித்த பிறகும் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு சுருங்கும். இடுப்புக் கவட்டிலிருந்து முழுத் தடிமனில் எடுத்து ஒட்டினால் சுருக்கம் குறைவு, ஆனால் கிடைக்கும் பரப்பும் குறைவு. இன்னொரு சிக்கல், முழங்காலின் பின்பக்கம் ஒரு குழி. ஒட்டிய தோல் அடியில் அசையாமல் அழுந்தியிருந்தால்தான் அதற்குள் ரத்தக்குழாய் முளைக்கும். குழிக்குள் கொஞ்சம் ரத்தம் தேங்கினாலோ, கால் கொஞ்சம் அசைந்து உராய்ந்தாலோ அந்த இடத்துத் தோல் போய்விடும். வெளியே தெரியும் நரம்பின்மீதும், உறை உரிந்த தசைநாண்மீதும் அது நன்றாகப் பிடிக்காது. எனவே மூட்டு மடிப்பில் ஒட்டுத்தோலை மட்டும் நம்பினால், அதன்பிறகு ஆறு மாதமாவது ஸ்பிளிண்ட் (காலை நீட்டிய நிலையில் பிடித்து வைக்கும் தாங்கி) போட்டே தீர வேண்டும். போடாமல் விட்டவர்களுக்குத்தான் பழைய நிலை திரும்பி வருகிறது.

ஃப்ளாப், தமிழில் தோல் மடல், வேறு வகை. தோல், அதன் கீழ் கொழுப்பு, தசையை மூடியிருக்கும் வெள்ளைப் படலம் மூன்றையும் சேர்த்து, ரத்த ஓட்டம் அறுபடாமல் ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி தூக்கி நகர்த்துவது. அது தன் ரத்தத்தோடேயே வருவதால் புது இடத்திலிருந்து ரத்தம் முளைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒட்டுத்தோலைப் போல் சுருங்காது. நரம்புக்கு மேல் மெத்தை போல் கிடக்கும். கால் மடக்கி நீட்ட அதுவும் கூடவே மடங்கி நீளும். அந்த வெள்ளைப் படலத்தையும் சேர்த்து எடுப்பதுதான் முக்கியம். படலத்தோடு எடுத்தால் காலின் தோல் மடல்கள் எவ்வளவு நம்பகமாகப் பிழைக்கின்றன என்பதை 1981-இல் பொன்டன் என்ற அறுவை நிபுணர் எழுதிக் காட்டிய பிறகுதான், காலில் மடல் திருப்ப அஞ்சும் நிலை மாறியது.

ஒரு பக்கம் தழும்பும் ஒரு பக்கம் நல்ல தோலுமாக இருக்கும் உங்களைப் போன்ற மடிப்புக்கு நான் பரிந்துரைப்பது, உள்பக்கத்து நல்ல தோலிலிருந்து சரிவக வடிவில் ஒரு மடல். ஆங்கிலத்தில் டிரப்பீஸ் ஃப்ளாப் என்பார்கள். கயிற்றின் முகட்டிலிருந்து வெளிப்பக்கமாகத் தழும்புத் தோலைக் குறுக்கே அறுக்கிறார்கள். இழுவை விடுபட்டதும் தழும்பு மேலும் கீழும் விலகி, முகட்டருகே அகலமாகவும் வெளியே போகப் போகக் குறுகலாகவும் ஒரு பள்ளம் திறக்கும். இழுவை அதிகமுள்ள முகட்டில்தான் தோல் குறையும் அதிகம், அதனால்தான் இந்த வடிவம். உள்பக்கத்தில் அதே வடிவில் வரைந்து வைத்த மடலைப் படலத்தோடு தூக்கி அதற்குள் கொண்டுபோய்த் தைக்கிறார்கள். முக்கோணத்துக்குக் கூர்முனை, சரிவகத்துக்கு அகல முனை. முனை அகலமாக இருந்தால் அங்கேயும் ரத்தம் போகும், கறுக்காது. அறுத்த தழும்பின் ஓரங்களை அடியிலிருந்து பிரிக்காமல் அப்படியே விட வேண்டும். அவற்றின் ரத்த ஓட்டம் ஏற்கெனவே மெலிந்தது, பிரித்தால் அதுவும் போய்விடும்.

மடல் முழுப் பள்ளத்தையும் மூடாமல் போகலாம். அதனால் குறை ஒன்றுமில்லை. நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் நடுப்பகுதிக்கும், அதிகம் மடங்கும் கோட்டுக்கும் மடலைக் கொடுத்துவிட்டு, ஓரத்தில் மிஞ்சும் இடத்துக்கு ஒட்டுத்தோலை வைக்கலாம். அங்கே அடியில் தசை இருக்கும், ஒட்டுத்தோல் நன்றாகப் பிடிக்கும், கொஞ்சம் சுருங்கினாலும் மூட்டை இழுக்காது. உங்கள் இரண்டு டாக்டர்களும் சொன்னதில் பாதிப் பாதி சேர்ந்ததுதான் இது. மடலை இறுக்கி இழுத்து எல்லாவற்றையும் மூடிவிடும் ஆசைதான் ஆபத்தானது. இழுத்துத் தைத்த மடல் அறுவை மேசையிலேயே வெளுக்கும்.

பின்தொடையும் கெண்டைக்காலும் சேர்ந்து வெந்து, பக்கத்தில் நல்ல தோலே இல்லாதவர்களுக்கு, கெண்டைக்காலின் உள்பக்கத்திலிருந்தோ தொடையின் பின்புறத்திலிருந்தோ ஒரே ரத்தக்குழாயை நம்பிய மடலைத் திருப்பலாம். அந்தக் குழாய் எங்கே மேலே வருகிறது என்பதை, ரத்த ஓட்டத்தை ஒலியாகத் தரும் கையடக்க டாப்ளர் கருவியால் கேட்டு முன்கூட்டியே மையால் குறித்துக்கொள்வார்கள். அதுவும் முடியாதபோது மறுதொடையிலிருந்து எடுத்து மைக்ரோஸ்கோப்பின் கீழ் குழாய்களை இணைக்கும் முறை இருக்கிறது. உங்களுக்கு அதுவரை போகத் தேவையிருக்காது.

இனி தோலுக்குக் கீழே. தழும்பு மட்டும்தான் காலைப் பிடித்து வைத்திருக்கிறதா என்பதற்கு எளிய அடையாளம் உண்டு. காலை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, யாரையாவது பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். கயிறு விறைத்து வெளுத்தால் இழுப்பது தழும்பு. அதைத் தொட்டால் இன்னும் தளர்வாகவே இருக்கிறது, ஆனாலும் கால் நீளவில்லை என்றால் இழுப்பது தசையோ மூட்டுறையோ. நேராக உட்கார்ந்து நீட்டும்போது, மல்லாந்து படுத்து நீட்டுவதைவிட அதிகம் முட்டினால் தொடையின் பின்தசைகளும் குறுகியிருக்கின்றன. ஆறு வருடம் மடங்கியிருந்த காலில் இது கொஞ்சமாவது இருக்கும். டாக்டர் கோணமானி வைத்து அளந்து எழுதட்டும். மயக்க ஊசிக்குப் பிறகு ஒருமுறை திரும்ப அளக்கட்டும், தசை தளர்ந்துவிடும், தோல் தளராது, வித்தியாசம் தெரிந்துவிடும். பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்றும் தேவை. மூட்டுக்குள் எலும்பு வளர்ந்திருக்கிறதா, கீழ்க்கால் எலும்பு பின்னுக்கு நழுவியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அது.

இது தெரிந்தால்தான் நரம்பைப் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை சொல்ல முடியும். முழங்காலின் பின்குழியில் தோலுக்கு அடுத்து கொழுப்பு, அதற்குள் முதலில் பாதத்துக்குப் போகும் பெரிய நரம்பு, அதன்கீழ் சிரை, எல்லாவற்றுக்கும் ஆழத்தில் எலும்பை ஒட்டித் தமனி. இன்னொரு நரம்பு குழியின் வெளிப்பக்கத்துத் தசைநாணை ஒட்டி இறங்கி, முழங்காலுக்குக் கீழே வெளிப்புறச் சிற்றெலும்பின் கழுத்தைச் சுற்றி வருகிறது. அங்கே அது தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்குவது அந்த நரம்பின் வேலை. உங்கள் தழும்பு வெளிப்பக்கம் என்பதால் உங்கள் சர்ஜன் கண்ணில் வைத்திருக்க வேண்டியது அதைத்தான். தழும்பு நரம்பை மேல்நோக்கி இழுத்து ஒட்ட வைத்திருக்கலாம், ஒரே வெட்டில் ஆழமாகப் போகாமல் அடுக்கடுக்காக அறுத்து, நரம்பைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே மீதியை விடுவிக்க வேண்டும். தொடையில் காற்றுப்பட்டை கட்டி ரத்தத்தை நிறுத்திவிட்டுச் செய்தால் இவை தெளிவாகத் தெரியும்.

கத்தி பட்டு நரம்பு அறுபடுவது தேர்ந்த கையில் அபூர்வம். அதைவிட அதிகம் நடப்பது நரம்பு இழுபடுவது. ஆறு வருடம் மடங்கியிருந்த காலில் நரம்பும் தமனியும் அந்த நீளத்துக்கே பழகிவிட்டன. தோல் விடுபட்டது என்பதற்காக மேசையிலேயே காலை வலிந்து நேராக்கினால் தமனி இழுபட்டுப் பாதம் வெளுக்கும், நரம்பு இழுபட்டுப் பாதம் தூக்க முடியாமல் தொங்கும். எனவே நல்ல சர்ஜன் காற்றுப்பட்டையைத் தளர்த்தி, பாதத்தின் நிறத்தையும் நாடியையும் பார்த்து, எந்தக் கோணத்தில் பாதம் இளஞ்சிவப்பாக இருக்கிறதோ அந்தக் கோணத்திலேயே நிறுத்திக்கொள்வார். 35 டிகிரியில் போய் 10, 15 டிகிரியோடு வெளியே வந்தால் அறுவை தோற்றுவிட்டது என்று மனம் தளராதீர்கள். அந்த மிச்சத்தைக் காயம் ஆறிய பிறகு, சில நாளுக்கு ஒருமுறை சில டிகிரி நேராக்கிப் போடும் ஸ்பிளிண்ட்டாலோ மாவுக்கட்டாலோ வாரக்கணக்கில் எடுப்பதுதான் பாதுகாப்பு.

அறுவைக்கு முன் நீங்களே ஒன்று செய்யுங்கள். வலது பெருவிரலை மேலே தூக்கிப் பாருங்கள். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே புறங்காலில் பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இதைக் கேஸ் ஷீட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். முதுகில் போட்ட மயக்க ஊசி சில மணி நேரத்தில் தெளிந்த பிறகு இதையே திரும்பச் செய்யுங்கள். விரல் எழவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். கட்டைத் தளர்த்தி முழங்காலைக் கொஞ்சம் மடக்கிவிடுவதே முதல் வைத்தியம். இழுபட்ட நரம்பு பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டுவிடும், ஆனால் அதைத் தொடர்ந்து இழுபட விடக்கூடாது.

அறுவைக்கு முன் தயாராக வேண்டியவை அதிகமில்லை. தழும்பு முதிர்ந்திருக்க வேண்டும். சிவப்பு மங்கி, அரிப்பு அடங்கி, தடிப்பு தணிய ஒரு வருடம் பிடிக்கும். உங்களுக்கு ஆறு வருடம் ஆகிவிட்டதால் அந்தக் கவலை இல்லை. சர்க்கரையும் ரத்தசோகையும் இருந்தால் சரிசெய்துகொள்ளுங்கள். புகைபிடிப்பவராக இருந்தால் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், தோலின் நுண்குழாய்களை அது சுருக்குகிறது, மடல் முனை கறுப்பதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம்.

அறுவை முடிந்து முதல் இரண்டு மூன்று நாள்தான் மடலுக்குச் சோதனைக் காலம். கட்டுத்துணியில் ஒரு சிறு சன்னல் விட்டு மடலைப் பார்ப்பார்கள். பக்கத்துத் தோலின் நிறமும் சூடும் இருந்து, விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு மூன்று நொடியில் நிறம் திரும்பினால் நல்லது. வெளுத்துக் குளிர்ந்தால் ரத்தம் உள்ளே வரவில்லை. நீலம் பாரித்து வீங்கி, அழுத்திய இடம் சட்டென்று நிறம் திரும்பினால் வந்த ரத்தம் வெளியே போகவில்லை. இந்த இரண்டாவது நிலைதான் அதிகம் ஏமாற்றும். மடல் நிறமாக இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். இறுக்கமான ஒரு தையலை வெட்டிவிட்டாலோ, அடியில் தேங்கிய ரத்தத்தை வெளியேற்றினாலோ பல மடல்கள் பிழைத்துக்கொள்ளும், ஆனால் சில மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். கால் சற்று உயர்ந்து இருக்கட்டும். ஆனால் உயர்த்துவதற்காகத் தலையணையை முழங்காலுக்குக் கீழே வைக்கக் கூடாது. ஆறு வருடத்துக்கு முன் இந்தச் சுருக்கத்தை உண்டாக்கியதே அதுதான். குதிகாலிலிருந்து தொடைவரை ஒரே சரிவாகக் காலைத் தாங்க வேண்டும், ஸ்பிளிண்ட்டின் விளிம்பு மடலை அழுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒட்டுத்தோலும் வைத்திருந்தால் ஐந்தாம் நாளையொட்டிக் கட்டைத் திறந்து பார்ப்பார்கள். தையல் 12 முதல் 14 நாளில் பிரிக்கலாம். தோல் எடுத்த தொடை இரண்டு வாரத்தையொட்டி ஆறும், பலருக்கும் முழங்காலைவிட அங்கேதான் அதிகம் எரியும், அதற்கும் வலி மாத்திரை கேளுங்கள். வாக்கர் வைத்து நடப்பதை மடலின் நிலையைப் பார்த்து முதல் வாரக் கடைசியிலோ அடுத்த வாரமோ தொடங்குவார்கள். மடக்கும் பயிற்சி தையல் பிரித்த பிறகு. உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மூன்று நான்கு வாரத்தில் போகலாம். உங்களைப் போல் நாள் முழுக்க நிற்பவர்கள் ஆறு முதல் எட்டு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். காலைத் தொங்கவிட்டு நிற்கும்போது வீங்கும், வீங்கிய மடலின் தையல் ஓரம் விரியும். திரும்பிய பிறகும் முதல் மாதம் மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் காலைத் தூக்கி வைக்க இடம் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

மறுபடி சுருங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மடல் சுருங்காது. மடலைச் சுற்றிய தையல் கோடும், ஓரத்து ஒட்டுத்தோலும் சுருங்கப் பார்க்கும், முதல் ஆறு மாதம்தான் அவற்றின் வேகம் அதிகம். இரவில் நீட்டி வைக்கும் ஸ்பிளிண்ட்டை அந்த ஆறு மாதமும் போடுங்கள். பகலில் அதைக் கழற்றிவிட்டு நடப்பதும் மடக்குவதும்தான் தேவை, பகலும் இரவும் கட்டியே வைத்தால் முழங்கால் மடங்காமல் விறைத்துப்போகும். காயம் முழுதாக மூடிய பிறகு அளவெடுத்துத் தைத்த அழுத்த உறையை, குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்க அணியச் சொல்வார்கள். மூன்று நான்கு மாதத்தில் அதன் இறுக்கம் போய்விடும், புதியது வாங்க வேண்டும். தளர்ந்த உறையால் பயனில்லை. பயிற்சி எளிது: கட்டிலில் காலை நீட்டி, முழங்காலின் பின்பக்கத்தைப் படுக்கையோடு அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். பத்து முறை, ஒரு நாளைக்கு நான்கைந்து வேளை. தொடையின் முன்தசைக்கு இது வேலை கொடுக்கும். ஆறு வருடமாக முழு நீட்டத்துக்கு இழுக்காமல் அது மெலிந்திருக்கும். குப்புறப் படுத்து, முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி பத்து நிமிடம் கிடப்பதை ஒரு மாதம் கழித்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

12 செ.மீ. என்று அளந்து எழுதினீர்களே, அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். அதே இடத்தில், அதே அளவுகோலால், வாரம் ஒரு நாள், மல்லாந்து படுத்து குதிகால் தரையில் படும்படி அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். குறைந்துகொண்டே வந்த அளவு அடுத்தடுத்து இரண்டு வாரம் ஒரு செ.மீ. ஏறினால், அடுத்த பரிசோதனைத் தேதிவரை பொறுக்காமல் அந்தக் குறிப்போடு பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். அந்தக் கட்டத்தில் ஸ்பிளிண்ட்டைத் திருத்தினாலே இழந்ததைத் திரும்ப எடுத்துவிடலாம்.